நாயக்கர் காப்பாற்றிய தாராவி

'நாயகன்' படத்தைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால், எம்.ஏ. தமிழ் படிக்கையில் என் விடுதித் தோழர்கள் அடிக்க வருவார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன்தான். பேரனுக்கு வேலு நாயக்கர் பதில் சொல்கிற இடத்தைக் கமல் குரலில் பேசிக் காட்டிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

தாராவியில் முப்பது வருஷம் முறுக்குச் சுட்டுப் பிழைத்து ஊர் திரும்பிய என் அத்தை, ஒரு பொங்கல் லீவில் டிவியில் இந்தப் படத்தைப் பார்த்தாள். "ஏலே, தாராவில தெரு இம்புட்டு அகலமாவா கெடந்துச்சு? அது கெடக்கட்டும், இதுல நம்மாளுவ எங்கலே இருக்காவ?"

"எல்லாரும் தமிழங்கதான அத்தை" என்றேன்.

"தமிழங்கன்னா யாருலே?"

இதற்கு எம்.ஏ. பாடத்தில் பதில் கிடையாது.

1987இல் மணிரத்னம் எடுத்த படம். அதன் தாராவி பெரும்பாலும் சென்னையில் போட்ட செட். தோட்டா தரணிக்கு தேசிய விருது கிடைத்தது. தெருவின் அகலத்துக்காக அவரோடு எனக்குச் சண்டையில்லை. சண்டையெல்லாம் அத்தையின் இரண்டாவது கேள்வியில்தான்.

தாராவித் தமிழரில் பெரும்பங்கு திருநெல்வேலிச் சீமையிலிருந்து போன ஆதிதிராவிடர். தோல் ஷாப்புகளில் கைகால் வெந்து உழைத்த சனம். படத்தில் இவர்கள் கும்பிடுகிற கை, அழுகிற கண், அவ்வளவே. காப்பாற்ற வருகிறவனுக்கோ பேரோடு சாதிப் பட்டம். படத்துக்கு மூலமான ஆள் வரதராஜ முதலியார். முதலியாரை எடுத்தார்கள், நாயக்கரை ஒட்டினார்கள். எதை மாற்றினாலும் பட்டம் மட்டும் ஒன்று இருந்தே தீரவேண்டும். பட்டம் இல்லாதவனைக் கும்பிட மாட்டோமா நாம்?

வரதராஜனின் முக்கியத் தொழில் கள்ளச்சாராயம். 1949ஆம் வருஷத்து பம்பாய் மதுவிலக்குச் சட்டம் திறந்துவிட்ட வியாபாரம். ஊறல் போட்டவன் யார், குடித்துக் குடல் வெந்தவன் யார், ரெய்டு வந்தால் லாக்கப்புக்குப் போனவன் யார்? லாபமோ மாட்டுங்கா ஸ்டேஷன் முன்னால் பிள்ளையார் பந்தலாக ஜொலித்தது. படத்தில் பிரதானம் கடல்வழிக் கடத்தல்தான். கடத்தல் சரக்கு சேரிக்காரன் வயிற்றை அரிக்காது, நாயகனுக்கும் தோதான தொழில்.

1966இல் சிவசேனை தொடங்கியபின் தென்னிந்தியர்மேல் விழுந்த அடியும் படத்தில் இல்லை. ஒரு கெட்ட இன்ஸ்பெக்டர், ஒரு கெட்ட சேட். இவர்கள் தொலைந்தால் தாராவிக்கு விடிந்துவிடுமாம்!

2018இல் ரஞ்சித்தின் 'காலா' வந்தபிறகுதான் அதே தாராவியில் நிலம் யாருக்கு என்ற கேள்வி பெரிய திரைக்கு வந்தது. அங்கேயும் ரஜினி என்கிற ஒற்றை ஆள்தான் முன்னே நிற்கிறார். அந்தக் குறை எனக்கு உண்டு. ஆனால் நம் சனத்துக்கு முகம் இருந்தது, வாய் இருந்தது.

வேலு நாயக்கர் சுடப்படுவதற்குள் அத்தை மாவு பிசைய எழுந்து போய்விட்டாள். நான் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தேன். எத்தனையாவது தடவையோ, அப்போதும் கண் கலங்கியது. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.