மில் கூரையும் மில்க்கி ஒயிட் ஷீட்டும்

கோயம்புத்தூர் வட்டாரத்தில் நூற்பு நின்றுபோன பழைய பஞ்சாலைக் கட்டடங்கள் வேறு வேலைக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. அலுவலகம், கல்யாண மண்டபம், கண்காட்சிக் கூடம் என்று புதுப் பெயர்கள் ஏறுகின்றன. உயரமான கூரை, நடுவில் சுவர் மறிக்காத நீளம், ரம்பப்பல் வரிசையாக எழுந்து நிற்கும் நார்த் லைட் கண்ணாடிகள்: இன்றைக்குப் புதிதாகக் கட்டினால் யாரும் இவ்வளவு தாராளமாகக் கட்டமாட்டார்கள். ஆனால் சீரமைப்பு தொடங்கியதும் முதலில் கைவைக்கப்படுவது அந்தக் கண்ணாடியில்தான். அதைக் கழற்றிவிட்டு மில்க்கி ஒயிட் பாலிகார்பனேட் ஷீட் போட்டுவிடுங்கள், வெயில் உறைக்காது, வெளிச்சம் பரவலாக வரும் என்று கடைக்காரர் சொல்வார், ஃபேப்ரிகேட்டரும் தலையாட்டுவார். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. வெளிச்சம் பரவத்தான் செய்யும். ஆனால் பெரிய கூடத்துக்குள் வெளிச்சத்தை மென்மையாக்கும் வேலையை ஒளி ஊடுருவும் ஷீட்டிடம் கொடுப்பது ஆள் மாற்றி வேலை கொடுப்பது என்பது என் கட்சி. அந்த வேலையைச் செய்ய வேண்டியவை ஒளி ஊடுருவாத பொருள்கள்: சுண்ணாம்பு அடித்த சுவர், வெள்ளையடித்த கூரையின் உட்புறம், தொங்கும் துணி. ஷீட்டின் முறை கடைசியில்தான் வர வேண்டும்.

முதலில் இந்தக் கூரை எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். வடக்கு நோக்கிய கண்ணாடி இங்கிலாந்தின் ஆலைகளிலிருந்து வந்த வடிவம். மான்செஸ்டர் ஏறக்குறைய 53 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. அங்கே ஜூன் மாதத்து உச்சிப் பொழுதில்கூடச் சூரியன் தெற்கே 60 பாகை உயரத்தில்தான் நிற்கும். கண்ணாடியை 60 பாகைக்குச் சாய்த்து வடக்குப் பார்த்து வைத்தால் உச்சி வெயில் அதன் மேல் ஆண்டில் ஒரு நாளும் நேரடியாக விழாது. அந்நேரத்தில் உள்ளே வருவது வானத்தின் வெளிச்சம் மட்டும். அது ஏற்கெனவே மென்மையானது, தனியாக மென்மையாக்க ஒன்றும் தேவையில்லை. கோவை இருப்பது 11 பாகையில். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை இங்கே உச்சிச் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. ஜூன் பின்பாதியில் அதன் உயரம் 78 பாகை. அதே 60 பாகைச் சாய்வுக் கண்ணாடி அந்த வெயிலில் மூன்றில் இரண்டு பங்கை வாங்கிக்கொள்ளும். செங்குத்தாக நிற்கும் கண்ணாடி வாங்குவது ஐந்தில் ஒரு பங்குதான். மேலே ஒரு முழ அளவுக்குக் கூரை நீட்டினால் அதையும் பெரும்பாலும் தடுத்துவிடலாம். ஆகவே எந்த ஷீட் என்று கேட்பதற்கு முன், கண்ணாடி என்ன சாய்வில் இருக்கிறது, அதன் மேல் எந்த மாதம் வெயில் விழுகிறது என்று கேட்க வேண்டும். பல சீரமைப்புகளில் இந்தக் கேள்வியே எழுவதில்லை.

சரி, வெயில் விழும் இடத்தில் மில்க்கி ஒயிட் ஷீட் போட்டால் என்ன ஆகும்? தெளிந்த நாளின் உச்சி வெயில் தரைமட்டத்தில் சுமார் 1,00,000 லக்ஸ் தருகிறது. சற்றுக் குறைத்தே வைத்து, ஷீட்டின் மேல் 80,000 விழுவதாகவும் அதில் பாதி உள்ளே வருவதாகவும் கொள்வோம். அந்த 40,000 எல்லாத் திசையிலும் சிதறும்போது ஷீட்டின் அடிப்புறமே ஒரு விளக்காகிவிடுகிறது. அதன் பிரகாசம் பழைய ட்யூப் லைட் குழாயின் மேற்பரப்புக்கு ஈடாகவும், சில நேரம் அதைத் தாண்டியும் இருக்கும். ஒரு ட்யூப் லைட்டை நேரே பார்த்துக்கொண்டு யாரும் வேலை செய்வதில்லை. இங்கே ஐம்பது சதுர மீட்டர் ட்யூப் லைட் தலைக்கு மேல் எரிகிறது. தரையில் வெயில் கட்டம் விழாததால் கண்கூச்சம் போய்விட்டதென்று நினைக்கிறோம். அது தரையிலிருந்து கூரைக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். திரையைப் பார்த்து வேலை செய்பவர்கள் இதை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு ஷீட்டின் அடியில் ஸ்டிக்கர் ஒட்டுவது, தெர்மகோல் செருகுவது என்று ஒட்டுவேலை ஆரம்பிக்கும்.

வெப்பக் கணக்கு இதைவிடக் கடுமை. ஆயிரம் சதுர மீட்டர் கூடத்தில் கூரையின் 5 சதவீதம், அதாவது 50 சதுர மீட்டர், இந்த ஷீட் என்று வையுங்கள். உச்சிப் பொழுதில் உள்ளே வரும் வெளிச்சம் 20 லட்சம் லூமன். சூரிய ஒளியில் ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 100 லூமன். ஆகவே கூடவே 20 கிலோவாட் வெப்பமும் வருகிறது. அதை வெளியேற்ற ஆறு டன் ஏசி ஓட வேண்டும். இயற்கை வெளிச்சம் குளிர்ச்சியானது, மின்விளக்குத்தான் சூடு என்ற நம்பிக்கை குண்டு பல்பு காலத்துக் கணக்கு. இன்றைய எல்இடியும் வாட்டுக்கு 100 லூமனோ அதற்கு மேலோ தருகிறது. லூமனுக்கு லூமன் பார்த்தால் நேர்வெயில் அதைவிடக் குளிர்ச்சியாக இல்லை. அலுவலக மேசைக்கு 300 முதல் 500 லக்ஸ் போதும். இந்த 5 சதவீத ஷீட்டே கூடத்தின் அழுக்கையும் தூணையும் கழித்த பிறகு சராசரி 1,000 லக்ஸ் கொடுத்துவிடும். நடைமுறையிலோ 15 சதவீதம், 20 சதவீதம் என்று அள்ளிப் போடுகிறார்கள். இலவசமாக வருவதுதானே என்ற நினைப்பு. பில் மின்வாரியத்திலிருந்து வருகிறது.

இப்போது சுவர் பக்கம் வருவோம். எண்ணெய்ப் புகையும் பஞ்சுத் தூசும் படிந்த பழைய மில் கூடம், தன் மேல் விழும் வெளிச்சத்தில் சராசரியாக 30 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது என்று கொள்வோம். அப்படியானால் உள்ளே வரும் வெளிச்சம் இங்கும் அங்கும் மோதி அடங்குவதற்குள் மொத்தம் 1.4 மடங்கு வேலை செய்கிறது. கூரையின் உட்புறத்தையும் மேல்சுவரையும் வெள்ளையடித்து அந்தச் சராசரியை 60 சதவீதத்துக்குக் கொண்டுபோனால் அதே வெளிச்சம் 2.5 மடங்கு வேலை செய்யும். கண்ணாடி ஒரு அடிகூடக் கூடவில்லை, வெப்பம் ஒரு வாட்கூட ஏறவில்லை, வெளிச்சம் முக்கால் பங்கு கூடிவிட்டது. அதைவிட முக்கியம், அது எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறது, நிழல்கள் இளகுகின்றன. பூச்சு மட் ஆக இருக்க வேண்டும். பளபளக்கும் எனாமல் வெளிச்சத்தைச் சிதறடிப்பதோடு நிற்காது, சூரியனின் பிம்பத்தையும் திருப்பிக் காட்டும். பழைய செங்கல் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது என்றால் அதற்குப் பொருத்தமும் சுண்ணாம்பு வெள்ளைதான். பிளாஸ்டிக் எமல்ஷன் ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். கட்டடக் கலைஞர் லூயி கான் 1972இல் டெக்சஸ் மாநிலத்தில் முடித்த கிம்பெல் கலைக்கூடத்தில் இந்த வழியைத்தான் பிடித்தார். வளைகூரையின் உச்சியில் நீளமாக ஒரு கீற்றுத் திறப்பு, அதற்கடியில் துளையிட்ட அலுமினியத் தகடு. வெயில் அந்தத் தகட்டில் பட்டு மேலேறிக் கான்கிரீட் வளைவில் பரவிக் கீழே வருகிறது. வெயிலுக்குப் பெயர்போன ஊரில், சாம்பல் நிறக் கான்கிரீட்டை வைத்தே அவர் இதைச் சாதித்தார்.

இதற்கு வடிவமைப்பாளர்களிடமிருந்து வரும் மறுப்பு, வெள்ளையடித்தால் மில்லின் முகமே போய்விடும் என்பது. செங்கல் தெரிய வேண்டும், இரும்பு தெரிய வேண்டும், அதற்காகத்தானே மக்கள் வருகிறார்கள் என்கிறார்கள். கண்மட்டத்துச் செங்கலை விட்டுவிடுங்கள் என்று நானும் சொல்வேன். ஆனால் இந்த வாதத்தை வைப்பவர்களில் பலர் மறுகையால் கூரையின் உட்புறத்துக்குக் கறுப்புப் பெயிண்ட் அடிக்கிறார்கள். இண்டஸ்ட்ரியல் லுக் என்று அதற்கொரு பெயர். நூறாண்டு மில் எதுவும் கறுப்புக் கூரையோடு ஓடியிருக்க முடியாது. அறுந்த இழையைக் கண்டுபிடித்து முடிபோட வெளிச்சம் வேண்டியிருந்தது. கறுப்பு, காபிக் கடைகளிடம் கடன் வாங்கியது. பழைமையின் பெயரால் அதை நியாயப்படுத்த வேண்டாம்.

அடுத்த மறுப்பு விலையைப் பற்றியது, அதில் நியாயம் உண்டு. கூரையைப் பிரித்துச் சாய்வை மாற்ற எல்லோரிடமும் பணம் இருக்காது. ஷீட் மலிவு, ஒரு வாரத்தில் வேலை முடிந்துவிடும். போடத்தான் வேண்டும் என்றால் எதைப் போடுகிறோம் என்று தெரிந்து போட வேண்டும். ஃபைபர் ஷீட் சில ஆண்டுகளில் மஞ்சளாகி, பிசின் தேய்ந்து, நார் மேலே கிளம்பிவிடும். பழசாகிப்போனால் மேலே ஏறுபவரின் எடையைத் தாங்காது. பாலிகார்பனேட் அதைவிட மேல், ஆனால் புற ஊதா தடுக்கும் படலம் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் இருக்கும். மேலே ஒட்டிய தாளைப் படிக்காமல் திருப்பிப் போட்டால் காசு வீண். 6 மீட்டர் ஷீட் 40 டிகிரி வெப்ப மாற்றத்தில் ஒன்றரை செண்டிமீட்டர் நீளும். திருகுத் துளையைப் பெரிதாகத் துளைக்காமல் இறுக்கினால் பகலெல்லாம் டக் டக்கென்று சத்தம், மழைக்காலத்தில் ஒழுக்கு. இரட்டைச் சுவர் ஷீட்டின் முனைகளை மூடாவிட்டால் உள்ளறைகளில் பாசி பிடிக்கும். அதைக் கழுவ வழியே இல்லை. பெருங்கூட்டம் கூடும் கூடத்துக்கு அக்ரிலிக் பக்கம் மட்டும் போகவே வேண்டாம். 1973 ஆகஸ்ட் 2 அன்று ஐல் ஆஃப் மேன் தீவின் சம்மர்லேண்ட் கேளிக்கைக் கூடத்தில் தீப்பிடித்தது. சுவரும் கூரையுமாக அங்கே இருந்தது அக்ரிலிக் தகடு. 50 பேர் இறந்தார்கள். கல்யாண மண்டபம் கட்டுபவர்கள் இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும்.

எல்லாம் பரவலாகிவிட்டால் கூடம் சப்பென்று ஆகிவிடாதா என்று ஒரு கேள்வி கேட்கலாம். எனக்கு மிகவும் மதிக்கத் தோன்றும் மறுப்பு இதுதான். எங்கும் ஒரே வெள்ளை வெளிச்சமாக இருந்தால் சிலைக்கு உருவம் தெரியாது, சேலையின் ஜரிகை மின்னாது, உள்ளே இருப்பவருக்குப் பொழுது போவதும் தெரியாது. நியூயார்க் மாநிலத்தில் 1929இல் நபிஸ்கோ நிறுவனம் கட்டிய அட்டைப்பெட்டி அச்சாலை 2003இல் டியா பீக்கன் என்ற கலைக்கூடமானது. நம் மில்களைப் போலவே ரம்பப்பல் கூரை, வடக்கு நோக்கிய கண்ணாடி. அந்தக் கூரையை ஷீட்டால் மூடாமல் அப்படியே வேலை செய்ய விட்டார்கள். மாற்றத்தில் பங்கேற்ற கலைஞர் ராபர்ட் இர்வின், மங்கலான பக்கச் சன்னல்களின் நடுவே சில இடங்களில் தெளிவான கண்ணாடியை வைத்தார்; வெளிச்சம் பரவலாகவே இருந்தது, கண்ணுக்கு வெளியே போக ஒரு வாசலும் கிடைத்தது. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் நடுமுற்றத்தை 2000இல் 3,312 கண்ணாடித் துண்டுகளால் மூடியபோது, கண்ணாடி முழுவதையும் மங்கலாக்காமல் பொடிப் புள்ளிகளை அச்சிட்டார்கள். வெயிலின் வேகம் குறைகிறது, வானமும் தெரிகிறது. வெளிச்சத்தை எங்கே மென்மையாக்கக் கூடாது என்று முடிவு செய்வதும் பொருள் தேர்வின் ஒரு பகுதிதான்.

நம் பக்கத்தில் எளிதாகக் கிடைக்கும் ஒரு பொருளை மட்டும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை: காடா துணி. ஈரோட்டுப் பக்கம் தறிகளில் ஓடும் கெட்டியான பருத்திக் காடாவைக் கூரைச் சட்டங்களுக்கு இடையில் செங்குத்துத் திரைகளாக வரிசையாகத் தொங்கவிட்டால், சாய்ந்து வரும் வெயில் அதில் பட்டு இருபுறமும் சிதறும். நேர் கீழே நின்று அண்ணாந்தால் வானம் தெரியும், தள்ளி உட்கார்ந்திருப்பவர் கண்ணில் கண்ணாடியே படாது. பெரிய கூடங்களின் தீராத தொல்லையான எதிரொலியும் ஓரளவு அடங்கும். எந்த ஷீட்டும் அதைச் செய்யாது. தூசு படியும் என்பார்கள். படியட்டும், கழற்றித் துவைக்கலாம். கூரை மேல் ஏறி ஷீட் கழுவுவதைவிட உயிருக்கு ஆபத்து குறைவு. தீத்தடுப்பு மருந்தில் நனைத்த துணியாக இருக்க வேண்டும் என்பதும், துவைத்தால் அந்த மருந்து போய்விடும், மறுபடி நனைக்க வேண்டும் என்பதும்தான் இதிலுள்ள உண்மையான சிரமம். அதை ஏற்க முடியாதவர்கள் வெள்ளைத் தகட்டில் அதே திரைகளைச் செய்துகொள்ளலாம், எதிரொலி மட்டும் அப்படியே இருக்கும்.

ஆகவே பழைய மில்லையோ குடோனையோ கையில் எடுத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஷீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் கூரையின் உட்புறத்தைக் கழுவி வெள்ளையடித்து, பழைய கண்ணாடிகளைத் துடைத்து, உடைந்ததை மட்டும் மாற்றி, ஒரு வெயில்காலம் அப்படியே விட்டுப் பாருங்கள். ஜூன் மாதம் நண்பகலில் வெயில் எங்கே உள்ளே விழுகிறதோ அந்த இடத்துக்கு மட்டும் கூரை நீட்டலோ துணியோ போதும். அதற்குப் பிறகும் இருட்டாக இருக்கும் மூலை இருந்தால் அங்கே ஷீட் போடுங்கள். கூரை ஆஸ்பெஸ்டாஸ் என்றால் அந்த மூலைக்காகவும் அதை அறுக்க வேண்டாம். அறுக்கும்போது கிளம்பும் இழைத்தூள் நுரையீரலுக்கு நஞ்சு. அந்த இடத்துக்கு ஒரு எல்இடி போட்டுக்கொள்ளுங்கள்.