அறுவைச் சிகிச்சை இலவசம், அதன் பிறகு?

பால் குடிக்கும்போதே களைத்து, நெற்றி வியர்த்து, எடை கூடாமல் கிடக்கும் குழந்தையைத் தாராவித் தமிழ்க் குடும்பம் முதலில் தூக்கிச் செல்வது அருகிலுள்ள சயான் மாநகராட்சி மருத்துவமனைக்குத்தான். பிறவி இதயக் குறைபாடுள்ள குழந்தைகளைக் கண்டறிந்து இலவச சிகிச்சைக்கு அனுப்பும் ஒன்றிய அரசின் திட்டம், 2013இல் இதே மகாராஷ்டிரத்தின் பால்கரில் தொடங்கப்பட்டது. வரவேற்கத்தக்கதே. ஆனால் அறுவைச் சிகிச்சை ஒரு நாளில் முடியும்; தொடர் பரிசோதனைகள் ஆண்டுக்கணக்கில் நீளும். ஒவ்வொரு முறையும் பெற்றோரில் ஒருவரின் நாட்கூலி போகிறது. வீட்டிலிருந்தே துண்டுக்கூலிக்குத் தைக்கும் தாய்க்கு அதை யார் ஈடுசெய்வது?

இந்நிலையில்தான் அதானி குழுமத்திடம் ஒப்படைக்கப்பட்ட மறுமேம்பாட்டுத் திட்டம் வருகிறது. 2000 ஜனவரி 1க்குப் பின் குடியேறியோருக்கும் மேல்தளங்களில் வசிப்போருக்கும் தாராவிக்கு வெளியேதான் வீடாம். அதற்கென ஒதுக்கப்பட்ட இடங்களில் தேவ்னார் குப்பைக்கிடங்கு நிலமும் ஒன்று. மூச்சிரைக்கும் பிள்ளையை அங்கேயா குடியேற்றுவது? தகுதிப் பட்டியல் குடியேறிய தேதியைக் கேட்கிறது. குழந்தையின் மருத்துவச் சீட்டை அது கேட்பதில்லை. தொடர் சிகிச்சையிலுள்ள குழந்தைகளின் குடும்பங்களைக் கிளைத் தோழர்கள் வீடுவீடாகச் சென்று பதிவு செய்ய வேண்டும். தாராவியிலேயே அனைவருக்கும் வீடு என்ற கோரிக்கை மனுவுடன் அந்தப் பட்டியலும் அதிகாரிகளின் மேசைக்குச் செல்லட்டும்.