ஆண்டிற்கு ஒரு சொல்

நம் முன்னோர் ஆண்டுகளை எண்ணால் மாத்திரம் குறித்து அமைந்தாரல்லர். ஒவ்வோர் ஆண்டிற்கும் பெயரிட்டு வழங்கினர். பிரபவ முதல் அட்சய ஈறாக அறுபது பெயர்கள் சுழன்று சுழன்று வருகின்றன. யாழ்ப்பாணத்தில் வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் புண்ணிய காலத்தின் நாழிகை பற்றி முரண்படுவதுண்டு; ஆண்டின் பெயர் பற்றி அவை சண்டையிடுவதில்லை. 2025 சித்திரையிற் பிறந்தது விசுவாவசு. அதனை அடுத்து 2026 சித்திரைக்கு உரியது பராபவ. பராபவம் என்னும் வடசொல்லுக்குத் தோல்வி, இழிவு என்பன பொருளாதலின், அப்பெயரைக் கேட்டு முகஞ் சுளிப்பாரும் உளர். சுளிக்க வேண்டுவதில்லை. 1966 சித்திரையிலும் இப்பெயர் பூண்ட ஆண்டே பிறந்தது. அவ்வாண்டிலும் வயல் விளைந்தது, பிள்ளைகள் பரீட்சையில் தேறினர்.

சக்கரம் தரும் பெயர் நாம் தேர்ந்ததன்று. எனினும், வரும் ஆண்டில் தான் மறவாதிருக்க வேண்டிய சொல் ஒன்றை ஒரு சங்கம் தானே தேர்ந்துகொள்ளலாம். நம் பழைய மாணவர் சங்கத்தின் பொருட்டு இம்மலரின் வாயிலாக நான் முன்வைக்கும் சொல் ‘பேணல்’. விழா மேடைகளில் ‘வளர்ச்சி’, ‘முன்னேற்றம்’, ‘எழுச்சி’ என்னுஞ் சொற்களையே கேட்டுப் பழகிய அன்பர்களுக்கு இச்சொல் சற்றுச் சோம்பலுடையதாகத் தோன்றலாம். ஆயினும் சென்ற ஆண்டைத் திரும்பி நோக்கின் வேறு சொல் எனக்குத் தோன்றவில்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையை அலைத்தது. வெள்ளத்தாலும் மண்சரிவாலும் 600க்கு மேற்பட்டோர் மாண்டனர், மலைநாடு பெருந்துயருற்றது. அத்துணை மழையை எத்தகைய பராமரிப்புந் தடுத்திராது. தடுத்திருக்கும் என்பது இறந்தோரைப் பழிப்பதாகும். ஆனால் நம் குடாநாட்டின் நிலை வேறு. இது ஆறில்லா நாடு. சுண்ணாம்புக் கல்லின் இடுக்குகளில் இறங்கித் தங்கும் மழைநீரே நம் கிணற்று நீர். அந்நீரை நிலத்துள் இறக்குதற்கே முன்னோர் குளமுங் கேணியும் தொட்டனர், வெள்ளவாய்க்கால் வகுத்தனர். நாம் குளங்களைத் தூர்வாராது விட்டோம். வாய்க்காலை மறித்து மதில் எழுப்பினோம். எஞ்சிய இடத்தைப் பொலித்தீன் பைகளால் நிரப்பினோம். மாரியில் முற்றத்தில் வெள்ளம், ஆவணியிற் கிணற்றில் உவர். இரண்டும் ஒரே கவலையீனத்தின் பயன்.

ஊரைக் கூறிவிட்டுக் கல்லூரியைக் கூறாதிருத்தல் முறையன்று. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் வாழும் நம் அன்பர்கள் உழைத்து ஈட்டிய பொருளை அனுப்பி எழுப்பிய கட்டடங்கள் நம் வளவில் நிற்கின்றன. அவர்தம் கொடைக்கு நாம் என்றுங் கடப்பாடுடையோம். அக்கட்டடங்களின் முகப்பிற் பதித்த பெயர்க்கற்கள் துலக்கமாகவே உள்ளன. கூரைப் பீலிகளோ இலையால் அடைபட்டு, நீர் சுவரின் வழியே இறங்கி, ஆய்வுகூடத்து அலமாரிகள் வீங்கிக் கதவு மூடமுடியாது நிற்கின்றன. மேல்மாடியின் மூலையில் ஓர் ஆலங்கன்று முளைத்து மூன்று மாரி கண்டுவிட்டது. மாணவர் அதற்கு ஒரு பெயரும் இட்டிருக்கின்றனர்.

நூல்நிலையத்தின் நிலை இதனினும் நோவு தருவது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூல்நிலையம் எரியூட்டப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. அதனை ஆண்டுதோறும் நினைவுகூர்கின்றோம், அது தக்கதே. அங்ஙனம் நினைவுகூரும் நாமே நம் கல்லூரிப் பழைய சஞ்சிகைத் தொகுதிகளைக் கறையானுக்கு விட்டுவைத்தல் பொருந்துமா? 2005 முதல் நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தார் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படியெடுத்து உலகிற்கு வழங்கி வருகின்றனர். நம்மிடம் முழுத்தாள் இருந்தாலன்றோ அவர் படியெடுப்பர்.

பேணுதல் சிறுதொழில் என்று எண்ணுவார்க்குச் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையை நினைவூட்டுவேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவர் அவர். தம் கல்விக்கும் பதவிக்கும் ஏற்பப் புதுநூல்களையே இயற்றி அமைந்திருக்கலாம். எடுத்த அளவில் ஓரம் ஒடியும் ஏடுகளைத் தேடித் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, 1881இல் வீரசோழியத்தையும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். இன்று வகுப்பறையிற் கலித்தொகை படிக்கும் மாணவன் அவர் பேணிக் கொடுத்ததையே படிக்கின்றான்.

பேணல் என்பது பழமை அனைத்தையுங் கட்டியழுதல் அன்றோ என வினவுவாரும் இருப்பர். அன்று. 1930ஐ அண்டிய ஆண்டுகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமர வேண்டும் என்ற சம ஆசன முறை வந்தபோது, அதனை எதிர்த்துப் பாடசாலைகளுக்குத் தீவைத்தோர் இந்நாட்டில் இருந்தனர். அவர்களும் பழமையைக் காப்பதாகவே கூறினர். கறையானுக்கு விடத்தக்க பழமையும் உண்டு; அதனை நாம் இன்னும் முற்ற விட்டுவிடவில்லை என்பதும் உண்மை.

கட்டடமும் நூலும் ஒருபுறமிருக்க, மனிதரையும் பேண வேண்டும். நமக்குக் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் சிலர், பிள்ளைகள் கடல் கடந்தபின் பெரிய வீடுகளிற் தனித்து வாழ்கின்றனர். ஆசிரியர் ஒருவர் மறைந்தால் அவர் பெயராற் பரிசு நிறுவ விரைகின்றோம். அவர் இருக்கும்பொழுது படலையைத் திறந்து உட்சென்று, மருந்து உண்டா, கண்ணாடி சரியாக இருக்கின்றதா என வினவுவார் அரியர். இதற்குப் பெருநிதி வேண்டுவதில்லை; ஞாயிறு மாலையில் ஒரு நாழிகை போதும்.

பேணலுக்குத் திறப்புவிழா இல்லை என்பதே அதன் பெருங் குறை. பீலி துப்புரவாக்கிய நாளில் மாலையிட எவரை அழைப்பது? ஆகவே அன்பர்களின் பெருந்தன்மையை மாத்திரம் நம்பியிராது, விதி ஒன்று வகுத்தல் வேண்டும். இனி எப்புதுக் கட்டடத்திற்கு நன்கொடை வரினும் அதில் பத்தில் ஒரு பங்கு அக்கட்டடத்தின் பராமரிப்புக்கென வைப்பிலிடப்படுக. அதற்கு இசையாத கொடையை வணக்கத்துடன் மறுத்துவிடுக. விழா நிதியில் ஐந்தில் ஒரு பங்கு முன்னரே நிற்கும் கட்டடங்களுக்கும் நூல்நிலையத்துக்கும் ஒதுக்கப்படுக. பிற்போடுதலின் விலையை நாம் அறியாதோமல்லோம். 2022இல் ஒரு டொலரின் பெறுமதி ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை உயர்ந்தது. அதற்கு முன்னரே மாற்றியிருக்க வேண்டிய ஓட்டையும் மரத்தையும் அதன்பின் என்ன விலைக்கு வாங்கினோம் என்பதைப் பொருளாளர் நன்கறிவார்.

அடுத்த செயற்குழுக் கூட்டம் கூடுவதற்கு முன் அங்கத்தவர் யாவரும் நூல்நிலையத்தின் கூரையை ஒருமுறை ஏறிப் பார்வையிடும்படி வேண்டிக்கொள்கிறேன். ஏணி காவலாளியின் அறைக்குப் பின்புறம் உளது; மூன்றாம் படியில் மாத்திரம் கால் வையாதிருப்பது நன்று.