யாரோட ஆயுசுக்கு?

"சீல் பண்ணின யூனிட் சார், ஆயுசுக்கும் ஆயில் மாத்த வேண்டாம்"னு யாராவது சொன்னா, முதல்ல "யாரோட ஆயுசுக்கு?"ன்னு கேளுங்க மக்களே. என்னோடதா, மெஷினோடதா, இல்ல நீங்க கொடுத்த வாரண்டி கார்டோடதா?

மொக்கை ஜோக்குன்னு நினைச்சு தாண்டிப் போயிடாதீங்க. பதிவு முழுக்க இந்த ஒரு கேள்விதான். விஷயம் என்னன்னா, ஜீரோ டர்ன் புல் வெட்டுற வண்டியோட ஹைட்ரோஸ்டேட்டிக் டிரைவ். "பொட்டி தட்டுறவனுக்கு இதெல்லாம் எதுக்குய்யா?"ன்னு கேக்கறவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். அட்லாண்டாவுக்கு வடக்கே நாங்க மூணு பேர் சேர்ந்து ஒரு வீடு வாடகைக்கு எடுத்திருக்கோம். ரெண்டு ஏக்கர். வாடகை கம்மி, காரணம் புல்லை நாங்களே வெட்டிக்கணும்னு ஒப்பந்தத்துல போட்டிருக்கு. வண்டி வீட்டுக்காரரோடது. ஏப்ரல்ல ஆரம்பிச்சு அக்டோபர் வரைக்கும் சனிக்கிழமை காலைல என் இருப்பிடம் அந்த சீட்டுதான். மத்த ரெண்டு பேருக்கும் ஆர்வமில்லை. நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்சுட்டு கோட் எழுதிக்கிட்டு இருக்கிற எனக்கு இது ஒண்ணுதான் படிச்ச படிப்புக்கு மரியாதை :-)

இந்த வண்டியைப் பார்க்காதவங்களுக்கு: ஸ்டியரிங் கிடையாது. முன்னாடி ரெண்டு சக்கரமும் சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டி சக்கரம் மாதிரி, இழுத்த பக்கம் திரும்பும், அவ்வளவுதான். பின்னாடி ரெண்டு சக்கரத்துக்கும் தனித்தனி டிரைவ், தனித்தனி கைப்பிடி. ரெண்டையும் முன்னால தள்ளினா முன்னால போகும். ஒண்ணை முன்னாலயும் ஒண்ணைப் பின்னாலயும் பிடிச்சா இருந்த இடத்துலயே பம்பரம் மாதிரி சுத்தும். பேரே அதனாலதான்.

கியர் இல்லாம இது எப்படி நடக்குதுங்கறதுதான் அழகு. ராட்டினத்தை நினைச்சுக்கோங்க. சமதரையில சுத்தினா உக்காந்திருக்கிறவன் ஒரே உயரத்துல சுத்துவான். தரையைச் சாய்ச்சுட்டா? ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தடவை ஏறி இறங்குவான். ஹைட்ரோஸ்டேட்டிக் பம்புக்குள்ள அதே கதை. ஒரு உருளைக்குள்ள வட்டமா சின்னச் சின்ன பிஸ்டன், அதுங்களுக்கு எதிர்ல சாயக்கூடிய ஒரு தட்டு. தட்டு நேரா இருந்தா பிஸ்டன் நகராது, ஆயில் போகாது, வண்டி நிக்கும். கைப்பிடியைத் தள்ளினா தட்டு சாயும், பிஸ்டன் ஏறி இறங்கி ஆயிலை அழுத்தித் தள்ளும், அந்த ஆயில் ஒரு மோட்டாரைச் சுத்தி சக்கரத்தைத் திருப்பும். தட்டு எதிர்ப்பக்கம் சாஞ்சா ரிவர்ஸ். எவ்வளவு சாயுதோ அவ்வளவு வேகம். இஞ்சினுக்கும் பம்புக்கும் நடுவுல ஒரு பெல்ட். அவ்வளவுதான் மொத்த வண்டியும்.

இதுல ஆயில்ங்கறது வெறும் மசகு இல்லைங்க. அதுதான் சங்கிலி, அதுதான் கியர், பின்னால சொல்றேன், அதுதான் பிரேக்கும். உள்ளே பாகங்களுக்கு நடுவுல இருக்கிற இடைவெளி மைக்ரான் கணக்கு. ஆயில் சூடாகி நீர்த்துப் போனா அந்த இடுக்குல ஒழுக ஆரம்பிக்கும். வெளியே ஒரு சொட்டு வராது, எல்லாம் உள்ளுக்குள்ளயே. அழுத்தம் குறையும். அதான் இந்த வியாதியோட அறிகுறியே விசித்திரமா இருக்கும்: காலைல மேடு ஏறுற வண்டி, ஒரு மணி நேரம் கழிச்சு அதே மேட்டுல முனகிக்கிட்டு நிக்கும்.

எங்க வண்டிக்கும் அதே வியாதிதான் போன வருஷம். வலது பக்கம் மட்டும் சோர்ந்து போச்சு. வீட்டுக்காரர் டீலர்கிட்ட காட்டச் சொன்னார். டீலர் கவுண்டர்ல இருந்தவர் வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கலை. "சீல்டு யூனிட், ஆயில் மாத்துறதுக்கு வழி இல்லை, ரெண்டு பக்கமும் புதுசு போடணும்"னு கூலியோட சேர்த்து 1,400 டாலர் சொன்னார். ஒரு பக்கம்தானே கெட்டிருக்குன்னு கேட்டதுக்கு, "ரெண்டும் ஒரே வயசு இல்லையா"ன்னார். சொந்தக்காரங்க ஜாதகம் பார்க்கிற மாதிரி.

பக்கத்து வீட்டுல ஒரு பெரியவர். லாரி மெக்கானிக்கா இருந்து ரிட்டயர் ஆனவர். என்னை "சன்"னுதான் கூப்பிடுவார். விஷயத்தைச் சொன்னதும், "சன், பணம் கேக்கற எடத்துக்குப் போறதுக்கு முன்னாடி பணம் கேக்காத எடத்தையெல்லாம் பார்த்துடு"ன்னார். எங்க டீம்ல பிழை தேடும்போது சொல்ற அதே விதிதான்: மலிவான சந்தேகத்தை முதல்ல தீர்த்துக்கோ, ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்து.

வரிசையாப் போனோம். பைபாஸ் லீவர்னு ஒண்ணு இருக்கு, வண்டியைக் கையால தள்ளுறதுக்காக ஆயிலைச் சுத்தி விடுற வால்வு. அது முழுசா மூடியிருக்கான்னு பார்த்தோம். மூடித்தான் இருந்துச்சு. பெல்ட்டோட பக்கவாட்டு கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்தது, வழுக்குதுன்னு அர்த்தம். பம்பு மேல ஒரு பிளாஸ்டிக் விசிறி இருக்கும், ஆயில் சூட்டைத் தணிக்க. வலது பக்க விசிறியில மூணு இறக்கை இல்லை. மிச்சத்தைச் சுத்தி காய்ஞ்ச பெர்முடா புல்லும் ஜார்ஜியா செம்மண்ணும் சேர்ந்து அடை தட்டி வெச்ச மாதிரி. புது பெல்ட், புது விசிறி, ஊதுகுழாய் வெச்சு சுத்தம். (தண்ணியைப் பீச்சி அடிக்காதீங்க, சீல் வழியா உள்ளே போனா வேற கதை.) அடுத்த சனிக்கிழமை, ஒரு மணி நேரத்துல நின்ன வண்டி ஒண்ணரை மணி நேரம் தாங்குச்சு. முன்னேற்றம்தான், ஆனா முழுசா குணம் இல்லை.

அப்புறம்தான் ஆயில். அடியில வடிகால் போல்ட்டே வைக்கலை. யூனிட்டைக் கழட்டி, தலைகீழாக் கவுத்து, மேல இருக்கிற துளை வழியா வடிக்கணும். நல்ல இட்லி மாவு பாத்திரத்தைக் கவுத்து வெச்ச மாதிரி ராத்திரி முழுக்க விட்டோம். வந்தது கருப்பா, வெளிச்சத்துல காட்டினா மீன் செதில் மாதிரி மினுக்கு. அந்த மினுக்குதான் என்னோட கட்சிக்கு ஆதாரம். புது மெஷின்ல முதல் சில மணி நேரத்துல பாகங்கள் ஒண்ணோட ஒண்ணு உரசிப் பழகும்போது உதிர்ற உலோகத் தூள் அது. கழட்டி சர்வீஸ் பண்ணக்கூடிய வகைகளுக்கு, இல்லினாய்ல இருக்கிற ஹைட்ரோ-கியர் கம்பெனி தன்னோட கையேட்டுலயே சொல்லுது: முதல் ஆயிலும் ஃபில்டரும் 75 மணி நேரத்துல மாத்து, அப்புறம் 400 மணிக்கு ஒரு தடவை, 20டபிள்யூ-50 இஞ்சின் ஆயில் போதும்னு. பின்னாடி 400 மணி நேரம் தாங்குற அதே ஆயிலை முதல் தடவை மட்டும் ஏன் 75லயே கொட்டணும்? அந்தத் தூளை வெளியேத்தத்தான். அப்போ சீல் பண்ணின யூனிட்ல மட்டும் தூள் உதிராதா? உதிரும். வெளியே போக வழியில்லாம உள்ளேயே சுத்தும்.

எதிர்வாதத்தையும் நியாயமா சொல்லிடறேன். அரை ஏக்கர் சமதரை வெச்சிருக்கிறவர் வருஷத்துக்கு 15 மணி நேரம் ஓட்டினா பெரிசு. 75 மணி வர அஞ்சு வருஷம் ஆகும். அவருக்கு சீல்டு யூனிட் தப்பே இல்லை (சொல்லப்போனா ஜீரோ டர்னே தேவையில்லை). ரெண்டாவது, அழுக்குக் கையோட மூடியைத் திறக்கறவனாலதான் பாதி டிரைவ் சாகுதுன்னு கம்பெனிக்காரங்க பயப்படறதுலயும் நியாயம் இருக்கு. மைக்ரான் இடைவெளியில ஒரு மண் துகள் போதும். ஆனா அதுக்கு மருந்து, "திறக்கறதுக்கு முன்னாடி துடை"ன்னு எழுதி வைக்கிறது. போல்ட்டையே எடுத்துடறது இல்லை. கரூர்ல எங்க தெருமுனையில மோட்டார் காயில் கட்டுற கடை ஒண்ணு உண்டு. எரிஞ்சு போன மோட்டாரைக்கூட பிரிச்சு கட்டிக் கொடுப்பாங்க. அதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, ஓடிக்கிட்டு இருக்கிற யூனிட்டை ஆயில் கெட்டுப் போச்சுன்னு குப்பையில போடச் சொன்னா வயிறு எரியுமா எரியாதா?

காசு ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு நிஜமாவே கோபம் வர்றது சரிவு விஷயத்துலதான். எங்க தோட்டத்தோட பின்பக்கம் ஓடையைப் பார்த்து இறங்குது. இந்த வண்டியில ஓடும்போது மிதிக்கிற பிரேக் கிடையாது. இருக்கிறது நிறுத்தி வைக்கிற பிரேக். கீழே இறங்கும்போது வேகத்தைப் பிடிச்சு வைக்கிறதும் திசையைத் திருப்புறதும் அந்த ரெண்டு ஹைட்ரோ யூனிட்தான். ஒரு பக்கம் பலமா, ஒரு பக்கம் சோர்வா இருந்தா, கைப்பிடி ரெண்டையும் சமமா பிடிச்சாலும் வண்டி சமமா போகாது, ஒரு பக்கமா இழுக்கும். அதுவும் ஈரப்புல், கீழே ஓடை. 250 கிலோவுக்கு மேல இருக்கிற வண்டி நம்ம மேல கவுந்தா என்ன ஆகும்னு நான் எழுத வேண்டியதில்லை. "மேடு ஏறலை"ங்கற புகாரை வெறும் வசதிக் குறைவா பார்த்து "ஓடுற வரைக்கும் ஓட்டுங்க"ன்னு கவுண்டர்ல சொன்னாங்க பாருங்க, அதைத்தான் என்னால ஜீரணிக்க முடியலை. மேட்டுல சோர்வு தெரிஞ்ச வண்டியை அன்னைக்கே சரிவுல இருந்து இறக்கிடணும்.

பழுதுபார்க்கும் உரிமைன்னு இங்கே பெரிய சண்டையே நடக்குது. கொலராடோ 2023ல விவசாய எந்திரங்களுக்கு சட்டம் போட்டுச்சு. 2025 ஜனவரியில ஜான் டீர் மேல மத்திய வணிக ஆணையமே வழக்குப் போட்டுச்சு. அங்கே பேச்செல்லாம் சாஃப்ட்வேர் பூட்டைப் பத்தி. நம்ம ஆளுங்களுக்குப் புரியற பூட்டு. ஆனா புல் வண்டியில ஒரு வரி கோட்கூட இல்லாம அதே வேலையைச் செஞ்சிருக்காங்க, ஒரு ஓட்டையைப் போடாம விட்டு!

ஆயில் ஊத்தினதோட வேலை முடியலைன்னு ஒரு எச்சரிக்கை. உள்ளே காத்து மாட்டியிருக்கும். பின்சக்கரம் ரெண்டும் தரையைத் தொடாம ஸ்டாண்டு மேல ஏத்தி, முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பைபாஸைத் திறந்து வெச்சு, இஞ்சினை மெதுவா ஓடவிட்டு கைப்பிடியை முன்னும் பின்னும் அஞ்சாறு தடவை நகர்த்தணும். அப்புறம் பைபாஸை மூடி மறுபடியும் அஞ்சாறு தடவை. ஆறினதும் மட்டம் பார்த்து ஊத்தணும். வீல்னு கத்துற சத்தம் அடங்கினா காத்து போயிடுச்சு. எங்களுக்கு மூணு சுற்று ஆச்சு. ஆயில், பெல்ட், விசிறி எல்லாம் சேர்த்து 150 டாலருக்குள்ள. ஜூலை வெயில்ல ரெண்டு மணி நேரம் ஓட்டியும் மேடு ஏறுது.

புதுசு வாங்கப் போறவங்க கடையில சீட்டு எவ்வளவு மெத்துன்னு இருக்குன்னு பார்க்கறதை விட்டுட்டு, குனிஞ்சு பின்சக்கரத்துக்கு உள்பக்கம் ஃபில்டர் தெரியுதான்னு பாருங்க. ஒரு ஏக்கருக்கு மேலயோ, சரிவோ இருந்தா ஃபில்டர் இல்லாததைத் தொடாதீங்க. விலை கூடத்தான் இருக்கும். ஏற்கனவே சீல்டு வண்டி வெச்சிருக்கிற டெக்சாஸ், கரோலினா மக்கள், எத்தனை மணி நேரத்துல எந்தப் பக்கம் முதல்ல சோர்ந்துச்சுன்னு பின்னூட்டத்துல போடுங்க. விசிறியைப் பார்த்துட்டுப் போடுங்க.