தாய்மைக்கு ஆபத்தாம்!

ஆஸ்பத்திரிப் படிவத்தில் ‘கர்ப்பிணிப் பெண்’ என்பதோடு ‘கருவுற்றவர்’ என்றும் எழுதலாமே என்று யாராவது சொன்னால் போதும். “ஐயோ, தாய்மை போச்சு, கலாசாரம் போச்சு” என்று வைதீகர்கள் ஒப்பாரி வைக்க ஆரம்பித்து விடுகிறார்கள். இதில் கடுகளவாவது அறிவு இருக்கிறதா என்று சற்று யோசிப்போம்.

2023 பிப்ரவரியில் கோழிக்கோடு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் ஒரு திருநம்பி குழந்தை பெற்றார். பிறந்தபோது பெண் என்று எழுதப்பட்டு, ஆணாக வாழ்கிறவர் அவர். அவருடைய துணைவர் ஒரு திருநங்கை. பிறப்புச் சர்ட்டிபிகேட்டில் ஆணாக வாழ்கிறவரைத் ‘தாய்’ என்றும், பெண்ணாக வாழ்கிறவரைத் ‘தகப்பன்’ என்றும் எழுதிவிட்டார்கள். அப்படிப் பிரிக்காமல் ‘பெற்றோர்’ என்று எழுதிக் கொடுக்கும்படி 2025 ஜூனில் கேரள ஹைகோர்ட்டு உத்தரவிட்டது. கருக்கலைப்பு வழக்கில் ‘பெண்’ என்ற சொல்லுக்குள் அச்சிகிச்சை தேவைப்படும் மற்றவர்களும் அடங்குவர் என்று 2022-லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லியாய்விட்டது. இதனால் எந்தத் தாயாவது தாயல்லாமல் போய்விட்டாளா?

“இது வெள்ளைக்காரன் சரக்கு” என்கிறார்கள். சுத்தப் பொய்! ‘மகப்பேறு’ என்றால் மகவைப் பெறுதல். அதில் ஆண், பெண் என்ற பேச்சே இல்லை. ‘பெற்றோர்’, ‘கருவுற்றவர்’, ‘அவர்’ ஆகியவையும் அப்படியே. இங்கிலீஷ்காரன் தேடி அலைகிற சொல் நம் ஆஸ்பத்திரி வாசற்பலகையிலேயே இருக்கிறது.

சரி, இவர்களுடைய தாய்மைப் பற்றின் யோக்கியதைதான் என்ன? காட்டுப்பள்ளியிலிருந்து ஒரு பெண் இடுப்பு வலியோடு, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எண்ணூரைத் தாண்டி, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் படும் பாட்டுக்கு இவர்கள் என்றைக்காவது அழுதார்களா? புருஷன் கைவிட்டவளிடம் ‘கணவர் பெயர் என்ன’ என்று கேட்கும்போது தாய்மை எங்கே போயிற்று? மணமாகாத தாய் தகப்பன் பெயரைச் சொல்லாமலே தன் குழந்தைக்குப் பிறப்புச் சர்ட்டிபிகேட் பெறலாம் என்று 2015-இல் சுப்ரீம் கோர்ட்டு சொல்ல வேண்டி வந்ததே! ‘மலடி’, ‘விதவை’ என்ற சொற்களைப் பெண்கள் தலையில் சுமத்தியவர்களுக்கா இன்று திடீரென்று பெண்கள் மேல் கருணை?

‘பெண்’ என்ற சொல்லை அழிக்க யாரும் சொல்லவில்லை. பிள்ளை பெறுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள்தான். அவர்களுக்குப் புரியாத புதுச் சொற்களைத் திணிப்பதும் வைத்தியத்துக்குக் கேடுதான். ஆதலால் ‘பெண்களும், கருவுற்ற மற்றவர்களும்’ என்று தெளிவாக எழுதட்டும். அதிகச் செலவு சிறிது மைதான்.

சொல் வெறும் சொல்தான் என்றால் இவ்வளவு கூச்சல் எதற்கு? சொல்லுக்குச் சக்தி உண்டென்றால், ஆஸ்பத்திரியில் கூப்பிடப்படும் சொல்லுக்கும் கேலிக்கும் பயந்து வீட்டிலேயே கிடந்து, ரத்தப்போக்கில் உயிரை விடக்கூடியவரை மாத்திரம் அச்சக்தி தொடாதா?

சாஸ்திரத்தைக் காப்பாற்றுவது ஆஸ்பத்திரியின் வேலையல்ல. வாசலுக்கு வந்த உயிரைக் காப்பாற்றுவதே அதன் வேலை. அதற்கு எந்தச் சொல் உதவுமோ அந்தச் சொல்லே நல்ல சொல் என்பது நமது அபிப்பிராயம்.