சொகுசு எங்கே இருக்கின்றது?

கார் வாங்கியவர்கள் தம் அனுபவத்தை எழுதுவது இக்காலத்தில் ஒரு தனி எழுத்து வகையாகவே வளர்ந்துவிட்டது. இருக்கையின் தோல் எத்தகையது, கதவு எவ்வளவு மெதுவாகச் சாத்திக்கொள்கின்றது, எத்தனை விநாடியில் நூறு கிலோமீற்றர் வேகத்தை எட்டுகின்றது என்றெல்லாம் அவர்கள் விரித்துரைக்கின்றனர். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. பெரும் பணம் கொடுத்து வாங்கிய பொருளைப் பற்றி அதன் சொந்தக்காரர் பேசும்போது, பொருளின் இயல்பு எது, கொடுத்த பணத்தின் குரல் எது என்று பிரித்தறிவது எளிதன்று. ஆயினும் இவ்வெழுத்துக்களை முற்றாக ஒதுக்கிவிடவும் இயலாது. ஒரு பொருளோடு நாள்தோறும் வாழ்பவருக்கு மட்டுமே புலனாகும் உண்மைகள் சில உண்டு.

நான் நோர்வே நாட்டில், ஒஸ்லோ நகருக்குச் சற்று வெளியே வாழ்பவன். 2020 ஆம் ஆண்டு முதல் அவுடி நிறுவனத்தின் ஈ-ட்ரோன் என்னும் மின்சாரக் காரை ஓட்டி வருகின்றேன். எஸ்.யூ.வி. என வழங்கும் உயர்ந்த கட்டுடைய பெரிய கார் அது. சொகுசுக் கார் என்பதை எவரும் மறுக்கமாட்டார். அவ்வாண்டில் நோர்வேயில் மிகுதியாக விற்பனையான காரும் அதுவே. அதனோடு வாழ்ந்ததில் என் மனத்தில் உறுதிப்பட்ட கருத்து ஒன்றுண்டு. அக்காரின் சிறந்த நன்மைகள் எவையும் அதன் ஆடம்பரத்தினால் வந்தவை அல்ல. அதன் மெய்யான சொகுசோ காருக்குள்ளேயே இல்லை. இதனைச் சற்று விளக்குதல் தகும்.

முதலில் நன்மைகளைக் கூறிவிடுவோம். நோர்வேயின் நீண்ட மலைச் சுரங்கங்களுக்குள் செல்லும்போது, பின்னிருக்கையில் இருப்பவரோடு குரலை உயர்த்தாமல் உரையாடலாம். வெளியே பூச்சியத்துக்குக் கீழே பதினைந்து பாகை குளிர் நிற்கும் காலையிலும், புறப்படுமுன்னரே காரின் உட்புறத்தைச் சூடாக்கி வைத்துக்கொள்ளலாம். கண்ணாடியிற் படிந்த உறைபனியைச் சுரண்டும் வேலை இல்லை. மலைச்சாலையில் இறங்கும்போது மோட்டாரே மின்பிறப்பாக்கியாக மாறி, காரின் வேகத்தைத் தணித்து, அந்தச் சக்தியைப் பற்றறிக்குத் திருப்பி அனுப்புகின்றது. ஏற்றத்திற் செலவழித்ததில் ஒரு பங்கு இறக்கத்தில் மீள்கின்றது. இவை யாவற்றுக்கும் மேலாக, இரவில் வீட்டுச் சுவரிலுள்ள மின் இணைப்பில் மாட்டிவிட்டுப் படுத்தால், விடியும்போது பற்றறி நிறைந்திருக்கும். பெற்றோல் நிலையத்தின் நினைவே நாளாந்த வாழ்விலிருந்து அகன்றுவிடுகின்றது.

இந்நன்மைகளுள் எது ஆடம்பரக் காருக்கு மட்டும் உரியது? ஒன்றுமில்லை என்பதே விடை. 2018 ஆம் ஆண்டில் நோர்வேயில் மிகுதியாக விற்பனையானது நிசான் லீஃப் என்னும் சிறிய மின்சாரக் கார். அதுவும் ஓசையின்றி ஓடியது. காலையில் முன்கூட்டியே சூடேறியது. இறக்கத்தில் மின்சாரத்தை மீட்டது. இரவில் சுவரிலிருந்தே தன் உணவை உண்டது. அதன் பற்றறி 40 அலகு மின்சாரம் கொள்வது. எடை ஏறத்தாழ 1.6 தொன். இரண்டே ஆண்டுகளில் அதன் இடத்தைப் பிடித்த ஈ-ட்ரோனின் பற்றறியோ 95 அலகு கொள்வது. எடை ஏறத்தாழ இரண்டரைத் தொன். நாம் மின்கட்டணச் சீட்டிற் காணும் அலகையே இங்கு குறிப்பிடுகின்றேன்.

அப்படியாயின் மேலதிகமாகக் கொடுத்த பணத்துக்குக் கிடைத்தது என்ன? காற்றுத் தாங்கிகளின் மேல் மிதப்பதுபோன்ற ஓட்டம் கிடைத்தது. எட்டு மணிநேரப் பயணத்தின் பின்னும் முதுகு வலிக்காத இருக்கை கிடைத்தது. ஒரு குடும்பத்தின் மூட்டை முடிச்சுக்கள் அனைத்தையும் ஏற்றும் இடம் கிடைத்தது. இவை பொய்யான சுகங்கள் அல்ல. ஆனால் இவற்றுக்கு விலை ஒருமுறை மட்டும் கொடுப்பதன்று. கோடையில் நூறு கிலோமீற்றருக்கு 24 அலகு செலவழிக்கும் என் கார், கடுங்குளிரில் 30 அலகையும் தாண்டுகின்றது. பெரிய பற்றறி தரும் தூரத்தில் ஒரு பங்கை அப்பற்றறியைச் சுமப்பதற்கே செலவிட வேண்டியிருக்கின்றது. நோர்வேயின் மோட்டார் வாகனச் சங்கம் புதிய மின்சாரக் கார்களைக் கோடையிலும் குளிர்காலத்திலும் பற்றறி தீரும்வரை ஓட்டிப் பார்த்து முடிவுகளை வெளியிடுகின்றது. குளிரில் தூரம் குறைவது விலையுயர்ந்த காருக்கும் விலக்கில்லாத விதி என்பதை அம்முடிவுகளிற் காணலாம்.

பெரிய வெள்ளி விடுமுறையில் ஒஸ்லோவிலிருந்து மேற்கு நோக்கிச் செல்பவர்கள், ஏறக்குறைய 190 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கூல் என்னும் சிற்றூரில் மின்சாரம் ஏற்ற நிற்பது வழக்கம். அங்கே வரிசையில் நிற்கும்போது தோல் இருக்கைக்கும் துணி இருக்கைக்கும் வேறுபாடில்லை. கழிவுப் புகையை மின்சாரக் கார் ஒழித்தது உண்மை. ஆனால் ரயரும் வீதியும் உராய்ந்தெழும் தூசியை அது ஒழிக்கவில்லை. எடை மிகுந்தால் அத்தூசியும் மிகுகின்றது. குளிர்காலத்து ஒஸ்லோவில் வாழ்பவர்கள் அதனைத் தம் நுரையீரலால் அறிவர்.

நிற்க. மெய்யான சொகுசு எங்கே என்னும் வினாவுக்கு வருவோம். அது என் வீட்டுச் சுவரில் இருக்கின்றது. சொந்த வீடும், வீட்டோடு கார் நிறுத்தும் இடமும், அவ்விடத்தில் மின் இணைப்பும் உடையவனுக்கே மின்சாரக் கார் இன்பமாகின்றது. ஒஸ்லோவின் கிழக்கே குறோருட் பள்ளத்தாக்கில் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் எழுந்த அடுக்குமாடிகளில் எம்மவர் பலரும் வாழ்கின்றனர். அங்கே காரைத் தெருவோரம் நிறுத்திவிட்டு நான்காம் மாடிக்கு ஏறுபவரின் நிலை வேறு. வேலை முடிந்து களைத்து வந்தபின் பொது மின்னேற்று நிலையத்தைத் தேடவேண்டும். அங்கே வீட்டு மின்சாரத்தைவிடக் கூடிய விலை கொடுக்கவேண்டும். பணம் குறைந்தவர் கூடிய விலை கொடுக்கின்றார் என்பது இதன் பொருள். 2018 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அடுக்குமாடிச் சட்டம், தமக்கென நிறுத்துமிடம் உள்ள வீட்டுடைமையாளர் அங்கே மின்னேற்றி அமைக்கக் கேட்டால், தக்க காரணமின்றி நிருவாகம் மறுக்கக்கூடாது என்று விதித்தது. கார் உற்பத்தியாளர் எவரும் செய்த புதுமையைவிட இச்சட்டத்தையே நான் பெரிதாக மதிக்கின்றேன். ஒருவர் சுவரில் இருந்த சொகுசைப் பலருடைய உரிமையாக்கும் வழி அதுவே.

இன்னொன்றையும் மறந்துவிடலாகாது. நோர்வேயின் மின்சாரத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு நீர்வீழ்ச்சிகளிலிருந்து வருவது. அது எந்தக் கார் முதலாளியும் படைத்த செல்வமன்று. மின்சாரக் கார்களுக்குக் கிடைத்த வரிச்சலுகையும் பொதுமக்கள் பணமே. 1989 ஆம் ஆண்டில் சுற்றாடல் போராளி பிரெடெரிக் ஹேகேயும், ஆ-ஹா இசைக்குழுவின் மோர்ட்டன் ஹார்க்கெட்டும் அவர்தம் நண்பர்களும், மின்சாரத்தில் ஓடுமாறு மாற்றிய சிறியதொரு பியற் பண்டா காரிலேறி, வீதிவரி கொடுக்க மறுத்து ஒஸ்லோவிற் சுற்றி வந்தனர். அபராதங்கள் குவிந்தன, காரும் பறிமுதலாயிற்று. அக்கிளர்ச்சியின் கருவி ஒரு சிறிய கார் என்பது கவனிக்கத்தக்கது.

2001 ஆம் ஆண்டு முதல் மின்சாரக் கார்களுக்கு 25 வீதப் பெறுமதிசேர் வரி முற்றாக விலக்கப்பட்டது. இதன் கணக்கைப் பாருங்கள். மூன்று இலட்சம் குரோனருக்குச் சிறிய கார் வாங்கியவருக்கு எழுபத்தையாயிரம் குரோனர் வரி மீதியாயிற்று. ஆறு இலட்சத்துக்குப் பெரிய கார் வாங்கியவருக்கு அதன் இருமடங்கு மீதியாயிற்று. பஸ்ஸில் வேலைக்குச் சென்றவரோ தம் பயணச்சீட்டோடு வரியும் செலுத்திக்கொண்டிருந்தார். 2023 ஆம் ஆண்டில் ஐந்து இலட்சம் குரோனருக்கு மேற்பட்ட விலைப் பகுதிக்கு வரி விதிக்கப்பட்டது. மின்சாரக் கார்களின் எடைக்கும் வரி வந்தது. என் போன்ற கார் உடையோர் பலர் இதற்காக வருந்தினர். நான் அதனை நியாயமான திருத்தம் என்றே கருதுகின்றேன். தாமதமாக வந்தது என்பதே அதன் குறை.

செல்வர் முதலில் அதிக விலை கொடுத்து வாங்கினால்தானே புதிய பொருள் வளர்ந்து பின்னர் ஏழைக்கும் மலிவாகக் கிடைக்கும் என்று சிலர் வாதிடுவர். இதில் ஓரளவு உண்மை உண்டு. 2024 ஆம் ஆண்டில் நோர்வேயில் விற்ற புதிய கார்களுள் நூற்றுக்கு 89 மின்சாரக் கார்களாக இருந்தமைக்கு, முன்வந்து வாங்கியவர்களின் பங்கும் காரணமே. ஆனால் அத்தகைய வளர்ச்சி ஆடம்பரத்தின் மேலேயே நின்றால் அது நிலையான அடித்தளமாகாது. ஈ-ட்ரோன் செய்யப்பட்ட பிரசெல்ஸ் தொழிற்சாலை, விலையுயர்ந்த மின்சாரக் கார்களுக்கான தேவை தளர்ந்ததை அடுத்து, 2025 பெப்ரவரி 28 ஆம் திகதி மூடப்பட்டது. ஏறத்தாழ மூவாயிரம் தொழிலாளர் அங்கே வேலை இழந்தனர். என் கார் இன்னும் ஓசையின்றி ஓடுகின்றது. அதனைச் செய்த கைகள் வேறு வேலை தேடிச் சென்றன. கார் உடையோர் எழுதும் அனுபவக் குறிப்புக்களில் இந்தப் பக்கம் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

இதனை இலங்கை வாசகர்களுக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2020 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரி 1 ஆம் திகதி மீண்டும் அனுமதிக்கப்பட்டது. பெரிய மின்சாரக் கார்கள் காலி வீதிக்கும் வந்துவிட்டன. ஈ-ட்ரோனின் பற்றறியை ஒருமுறை நிரப்ப வேண்டிய மின்சாரம், மாதம் 90 அலகுக்குள் வாழும் ஒரு வீட்டின் முழுமாதத் தேவைக்கு ஒப்பானது. அக்காரை மாலை ஏழு மணிக்கு வீட்டிற் கொண்டுவந்து மாட்டினால், நாட்டின் மின்தேவை உச்சத்தில் நிற்கும் வேளையில், எண்ணெய் எரிக்கும் நிலையங்களின் சுமையே கூடும். பெற்றோலைக் கண்முன் எரிக்காமல் வேறோரிடத்தில் எண்ணெயை எரிக்கின்றோம் என்றே அது முடியும். பகல்வேளையின் கதை வேறு. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை குறைந்தபோது, கூரைகளிலுள்ள சூரிய மின் அமைப்புக்களைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை மக்களைக் கேட்டுக்கொண்டது. வெயிலில் விளைந்த மின்சாரம் ஏற்பாரின்றி நின்ற நாட்கள் அவை.

எனவே நம் நாட்டுக்கு வேண்டிய முயற்சி தெளிவானது. வேலைத்தலங்களிலும், மருத்துவமனை வளவுகளிலும், பஸ் நிலையங்களிலும், அடுக்குமாடிகளின் முற்றங்களிலும் பகலில் மின்சாரம் ஏற்றும் வசதி முதலில் வரவேண்டும். வரிச்சலுகை தருவதாயின் சிறிய காருக்கும், முச்சக்கர வண்டிக்கும், பஸ்ஸுக்கும் முதலிடம் கிடைக்கவேண்டும். இரண்டரைத் தொன் எடையுள்ள கார் வேண்டுமென்போர் வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் மின்சாரத்தில் ஓடுகின்றது என்னும் ஒரே காரணத்துக்காகப் பொதுப் பணத்தில் அவர்களுக்குப் பரிசு வழங்கவேண்டியதில்லை.

ஓசையின்றி ஓடுவதும், புகையின்றிப் போவதும், விடியும்போது நிறைந்திருப்பதும் மின்சாரத்தின் குணங்கள். அவற்றுக்கு மிருதுவான தோல் இருக்கை வேண்டியதில்லை. எட்டும் இடத்தில் ஒரு மின் இணைப்பு வேண்டும். அவ்விணைப்பு எத்தனை பேருக்கு எட்டுகின்றது என்பதைக் கொண்டே ஒரு நாடு மின்சார யுகத்துள் எவ்வளவு தூரம் சென்றுள்ளது என்பதை அளக்கவேண்டும்.