பின்பாட்டு இல்லாத தனி நடிப்பு ஏது?

வில்லுப்பாட்டில் கதை சொல்பவர் ஒருவர்தான். ஆனால் அவர் ஒருவரால் கதை நகராது. அவர் ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போடுவார். குடமும் உடுக்கையும் இடைவெளியை நிரப்பும். அதற்குள் அவர் மூச்சு வாங்கிக்கொள்வார். நெல்லைச் சீமையிலிருந்து வந்து மும்பையின் தாராவியிலும் குர்லாவிலும் குடியேறிய குடும்பங்களுக்கு இது கோயில் கொடையில் பார்த்துப் பழகிய காட்சி. அப்படியிருக்க, நவீன நாடகத்தின் தனி நடிகரை மட்டும் நாம் ஏன் ஒண்டியாக விட்டுவிடுகிறோம்?

‘ஒரே ஆள்தானே, செலவு என்ன ஆகிவிடும்?’ என்கிறார்கள். ஆனால் மேடையில் இருபது பேர் நின்றாலும் ஒருவர் நின்றாலும் அரங்க வாடகை ஒன்றுதான். ஒளியமைப்பும் ஒலியும் அப்படியே. குழு நாடகத்தில் ஒருவர் வசனம் மறந்தால் எதிரில் நிற்பவர் எடுத்துக்கொடுப்பார். தனி நடிகருக்கு அந்தக் கை இல்லை. தன் நடிப்பைத் தானே எதிரில் உட்கார்ந்து பார்க்கவும் அவரால் முடியாது. ஆகவே குழு நடிகரைவிடத் தனி நடிகருக்கே ஒரு நாடகக் குழு அதிகம் தேவை என்பேன்.

மும்பைக்கு இந்தக் கலை புதிதல்ல. மராத்தியர்கள் இதை ‘ஏக்பாத்ரி’ என்பார்கள். பு. ல. தேஷ்பாண்டே ‘படாட்யாசி சாள்’ வழியாக ஒரு முழுக் குடியிருப்பையே தனியாளாக மேடைக்குக் கொண்டுவந்தார். லக்ஷ்மண் தேஷ்பாண்டே ஒரே நாடகத்தில் 52 பாத்திரங்களை ஏற்றார். சுஷமா தேஷ்பாண்டே 1989இல் தொடங்கி சாவித்திரிபாய் புலேயாக ஊர் ஊராகப் போனார்.

நசீருத்தீன் ஷாவின் மோட்லி குழு 2000இல் ‘இஸ்மத் ஆபா கே நாம்’ நாடகத்தில் செய்தது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. இஸ்மத் சுக்தாயின் மூன்று கதைகள். ஒவ்வொன்றையும் ஒருவர் தனியாக நடித்தார். ஒரே அரங்கம், ஒரே மாலை, மூன்று தனி நடிப்புகள். பாரத்தைக் குழு சுமந்தது. 2013இல் எடின்பரோ விழாவில் அரங்கேறி உலகப் புகழ் பெற்ற ‘ஃப்ளீபேக்’ நாடகத்துக்குப் பின்னாலும் ‘டிரைரைட்’ என்ற சிறு குழு இருந்தது.

குழு என்றால் கூட ஓர் இடம் வேண்டும். குர்லாவிலிருந்து ரயிலில் மூன்றாவது நிறுத்தம் தாதர். அங்கே சபில்தாஸ் பள்ளிக் கூடத்தில் 1974 முதல் ஆவிஷ்கார் குழு நடத்திய அரங்கம் பரிசோதனை நாடகத்தின் தாய்வீடாக இருந்தது. பிறகு அதே குழு மாஹிமில் ஒரு மாநகராட்சிப் பள்ளியிலும் பல ஆண்டுகள் இயங்கியது. பெரிய மூலதனம் போட்டு அவர்கள் தொடங்கவில்லை. மாலையில் காலியாகக் கிடக்கும் பள்ளி அறைதான் அவர்களுக்கு அரங்கம்.

குர்லாவின் ஒற்றை அறை வீட்டில், ஆறு பேர் தூங்கும் இடத்தில், உரக்க வசனம் சொல்லிப் பார்க்க முடியுமா? இங்கே திறமைக்குப் பஞ்சமில்லை, இடத்துக்குத்தான் பஞ்சம். மும்பை மாநகராட்சி தமிழ்ப் பள்ளிகளையும் நடத்துகிறது. குர்லா, தாராவி, செம்பூர்த் தமிழ் அமைப்புகள் கூடிப் பேசி, ஒரு பள்ளி அறையை வாரம் மூன்று மாலைகளுக்குக் கேட்க வேண்டும். கூடவே, கையில் பிரதியுடன் எதிரில் உட்கார ஒருவர், விளக்கைப் பார்த்துக்கொள்ள ஒருவர், டிக்கெட் விற்க ஒருவர். ஏழு மணிக்குக் காவலாளியிடம் வாங்கிய சாவியைப் பத்து மணிக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.